சிவப்புப் பல்லிப் போத்தல்

கோசலைக்கு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகத் தெரியாது. ஆர்.இ.ஆர் ரெயிலில் டிக்கெட் பரிசோதிக்க வருகிறவனிடம், இந்தச் சப்பாத்து அரசாங்கம் தந்ததா, நீ வாங்கினதா என்று கேட்பாள். கோவில் தேர் முடிந்த பிறகு ரூ பஜோல் தெருவைக் கழுவ வரும் நகரசபை ஆளிடம், உடைத்த தேங்காயை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்பாள். அவளுடைய பிரெஞ்சு அரைகுறை. அதைப் பற்றி அவளுக்கு வெட்கமே கிடையாது. பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அவளைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குணத்தால் எனக்கு என்ன நடந்தது என்று சொல்லத்தான் தொடங்கினேன்.

என் பெயர் றெஜினா. ஊர் மன்னார். தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். மொன்சோ பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு வயதான மதாமின் வீட்டில் துப்புரவு வேலை செய்கிறேன். கோசலையை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அவளுக்கு ஊர் கோண்டாவில். வில்லியே லே பெல்லில் நாலாம் மாடியில் இருக்கிறாள். லிப்ட் ஓடுகிற நாளைவிட ஓடாத நாள்தான் அதிகம். கணவர் கரிகாலன் உணவகத்தில் பாத்திரம் கழுவி, பிறகு சமையலுக்கு உயர்ந்தவர். ஒரு நாள் காலை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. அப்போது மகள் கஜந்தினிக்குப் பதினாலு வயது. அதுவரை வீட்டோடு இருந்த கோசலை, முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுவாரமே ரெயில் ஏறி லா சப்பலுக்கு வந்து கடை கடையாக வேலை கேட்டாள். நான் மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நீங்கள் எங்கை வேலை செய்யிறியள்? அங்கை இன்னொராள் தேவைப்படுமோ?"

என் பெயரைக்கூட அவள் அப்போது கேட்கவில்லை. பாவமாக இருந்தது. சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து நான் அவளுக்கு அக்கா. அந்த வேலையை வைத்தே மகளை மருந்தாளர் படிப்புவரை கொண்டுவந்துவிட்டாள். என் மகன் பிரின்ஸ்டன் என்ன படித்தான் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மதாமின் வீட்டுக்கு வருகிறேன். அங்கே வரவேற்பறைக்கு அடுத்த சின்ன அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. உள்ளே எண்பத்தாறு போத்தல்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும். பச்சை, நீலம், மஞ்சள், இரண்டு நிறம், மூன்று நிறம் என்று பூவும் மீனும் பறவையும் புடைத்து நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மதாம் அந்த அலுமாரியைக் காட்டி, "இதைத் தொடாதே" என்றார். நான் தொடவில்லை. பதினொரு வருஷம் தொடவில்லை. அது என்ன, எங்கிருந்து வந்தது, எதற்கு என்று கேட்கவும் இல்லை. வேலைக்குப் போன வீட்டில் கண்ணைத் தரையில் வைத்திருக்க வேண்டும், வாயைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், அதுதான் நம்பிக்கையான ஆளுக்கு அழகு என்பது என் எண்ணம். மதாமின் கணவர், அந்த டாக்டர், இறந்த பிறகுகூட நான் சொன்னது "மன்னிக்கவும் மதாம்" என்ற ஒரு சொல்தான்.

போன வருஷம் எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாது. வேறு யாரையாவது மதாம் பிடித்துவிட்டால் என் இடம் போய்விடும் என்ற பயத்தில் கோசலையை அனுப்பினேன். அவள் என் ஆள், திரும்பி வந்ததும் விலகிவிடுவாள் என்று நினைத்தேன்.

போன முதல் நாளே அவள் அலுமாரிக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறாள். "மதாம், இதெல்லாம் சென்ட் போத்திலா?"

டாக்டர் இறந்த பிறகு அந்த மனுஷி சிரித்து நான் கண்டதில்லை. கோசலையின் கேள்விக்கு மதாம் விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து அவளுடைய கையிலேயே வைத்தாராம். அன்று வீடு கூட்டவே நேரம் இருக்கவில்லையாம். இதை அவள் எனக்குப் போனில் மூச்சு விடாமல் சொன்னாள். நான் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்து கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது மதாம் என்னை அணைத்து வரவேற்றார். பிறகு சொன்னார்: "றெஜினா, இனி நீங்கள் இருவரும் வாருங்கள். உனக்கு முழங்கால் வலி. நீ குசினியையும் ஜன்னல்களையும் பார்த்துக்கொள். அலுமாரி கோசலைக்கு."

அலுமாரியைப் பூட்டித் திறக்கும் திறப்பு கோசலையின் கையில் இருந்தது. பதினொரு வருஷம் தொடாமல் இருந்தவளுக்கு ஜன்னல். இரண்டு மாதத்தில் தொட்டவளுக்குத் திறப்பு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்ததை மறைத்து, "நல்லது மதாம்" என்றேன்.

கோசலை சென் தெனி வேலையை விட்டுவிட்டாள். வியாழக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக வேலை. நான் குசினியில் அடுப்படியோடு நிற்பேன். சின்ன அறையிலிருந்து மதாமின் குரல் கேட்கும், நடுவே கோசலையின் உடைந்த பிரெஞ்சு. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அவள் எனக்கு அன்றைய பாடத்தை ஒப்புவிப்பாள். நான் கேட்காத மாதிரிச் சாப்பிடுவேன். எல்லாம் காதில் ஏறும்.

"இது மூக்குத்தூள் போத்தில் அக்கா. மூடியைக் கழட்டினா உள்ளுக்கை குட்டிக் கரண்டி ஒண்டு இருக்கும், காது கிண்டிற கரண்டி போலை. அதாலை எடுத்து மூக்கிலை வைக்கிறது. சீனாவிலை அப்ப அது மருந்தாம். தடிமன், தலையிடி எல்லாத்துக்கும்."

"ம்."

"காங்சி எண்டு ஒரு பேரரசர். அவரின்ரை அரண்மனைக்குள்ளையே கண்ணாடிப் பட்டறை போட்டவையாம், ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றாறிலை. ஆர் கட்டிக் குடுத்தது தெரியுமோ? ஒரு ஜேர்மன் கத்தோலிக்கச் சாமியார். உங்கடை சமயம்."

என் சமயத்துச் சாமியார் சீன அரசருக்குக் கண்ணாடிப் பட்டறை போட்டுக் கொடுத்ததை, பிள்ளையாருக்குக் கற்பூரச்சட்டி எடுக்கிறவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். அந்த அலுமாரியைப் பதினொரு வருஷம் சுற்றிச் சுற்றிக் கூட்டியவள் நான்.

அவள் நிறுத்தவில்லை. அலுமாரியின் நடுத்தட்டில் இருந்த ஒரு போத்தல்தான் மதாமுக்கு உயிர் என்றாள். வெள்ளைக் கண்ணாடி, உள்ளே பனி தூவினது போல் சின்னச் சின்னக் குமிழிகள். அதன் மேல் சிவப்பில் ஒரு பிராணி வளைந்து கிடக்கும். வெள்ளைப் போத்தலை உருகிய சிவப்புக் கண்ணாடியில் தோய்த்தெடுத்து, ஆறிய பிறகு சுழலும் சில்லில் பிடித்து, வேண்டாத சிவப்பை அரைத்து எடுப்பார்களாம். கை கொஞ்சம் தவறினால் மாதக்கணக்கான வேலை குப்பைக்குப் போகுமாம். காங்சியின் பேரன் சியென்லோங் காலத்துப் போத்தல் அது என்று டாக்டர் நம்பினாராம்.

"அந்தப் பல்லிப் போத்திலோ?" என்றேன்.

"அது பல்லியில்லை அக்கா, டிராகன்."

"எனக்குப் பல்லிதான்."

இன்னொரு நாள் சொன்னாள். அந்த அரசர்கள் தங்களுக்குப் பிடித்த தளபதிக்கும் மந்திரிக்கும் தங்கள் பட்டறைப் போத்தலைப் பரிசாகக் கொடுப்பார்களாம். அரசர் கையால் கிடைத்தது என்றால் அதற்கு மேல் பெருமை இல்லை. கிடைத்தவன் சபையில் நாலு பேர் பார்க்கத்தான் மூக்குத்தூள் எடுப்பான் என்று மதாம் சொன்னாராம். பிறகு கிடைக்காதவர்கள் எல்லாம் வெளிப் பட்டறைகளில் சொல்லிச் செய்வித்து வைத்துக்கொண்டார்களாம். அந்தக் கிடைக்காத மந்திரிமாரை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எப்படியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

இப்படி ஒரு வருஷம் போனது. என் பேச்சில் அவ்வப்போது முள் வந்திருக்க வேண்டும். "ராசாத்தி வந்திட்டா" என்பேன். "மதாமின்ரை மந்திரி" என்பேன். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் எரித்தது.

இந்த வருஷம் ஓகஸ்டில் மதாம் வக்கோன்ஸ் விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போனார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி எங்களிடம் சொன்னார். மாதக் கடைசியில் பிள்ளையார் கோவில் தேர். கோசலை விரதம் பிடித்து, பத்து நாள் லீவு எடுத்தாள். லீவு தொடங்குவதற்கு முந்திய வியாழக்கிழமை குசினிக்கு வந்து, கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த திறப்பைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, இந்த முறை நீங்கள் தூசி தட்டுங்கோ. மதாம் ஒருத்தரிட்டையும் குடுக்க வேண்டாம் எண்டவ. நீங்கள் எண்டபடியால் தாறன்."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பிச்சை போடுகிறாள் என்றுதான் தோன்றியது. நான் மனதுக்குள் எரிவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, என்னைச் சமாதானப்படுத்துகிறாள். திறப்பை வாங்கினேன்.

"ஒரு விசயம் அக்கா, அந்த நடுத்தட்டிலை..." என்று தொடங்கினாள்.

"எனக்குச் சொல்லித்தர வேண்டாம் கோசலை. உமக்கு முதலே இந்த வீட்டிலை கால் வைச்சனான் நான்."

அவள் வாயை மூடினாள். அவள் வாயை மூடி நான் கண்டது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று பொய் சொல்லாமல் எழுத வேண்டும். மிகவும் திருப்தியாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டில் நான் மட்டும். வரும் வழியில் லா சப்பலில் அரிசியும் சாமானும் வாங்கி வந்திருந்தேன். அலுமாரியைத் திறந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். நடுத்தட்டுப் பல்லிப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே, அடியில், மண்ணிறமாக ஏதோ ஒட்டிக் கிடந்தது. கழுவாத தேத்தண்ணிக் கோப்பை மாதிரி.

எனக்கு ஒரே புளுகம், ஒரே சந்தோஷம். மதாம் தலையில் தூக்கி வைத்து ஆடும் கோசலையின் துப்புரவு இவ்வளவுதான். வெளியே பளபளப்பு, உள்ளே அழுக்கு. மதாம் வரட்டும், வித்தியாசத்தைப் பார்க்கட்டும். யார் துடைத்தது என்று கேட்கட்டும்.

வாய் ஒடுங்கிய போத்தலைக் கழுவ எங்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. ஒரு சிட்டிகை அரிசி, கொஞ்சம் வினாகிரி, கொஞ்சம் சுடுதண்ணீர். வாயைப் பெருவிரலால் பொத்திக்கொண்டு குலுக்க வேண்டும். அரிசி உள்ளே ஓடி ஓடி அடி அழுக்கை உரசி எடுத்துவிடும். எண்ணெய்ப் போத்தலுக்கும் பிள்ளைகளின் பால் போத்தலுக்கும் நான் செய்ததைத்தான் இதற்கும் செய்தேன். முதல் குலுக்கலில் ஒரு வாசம் எழும்பியது. புகையிலையும் கற்பூரமும் வேறு ஏதோ பூவும் கலந்த வாசம். நல்ல வாசம்தான். மூன்று தடவை குலுக்கி, மண்ணிறத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றினேன். போத்தல் புதுசு போல ஆனது. பல்லி பால் வெள்ளையில் சிவப்பாக ஜொலித்தது. தேருக்கு அடுத்த நாள் கோசலை வந்தபோது திறப்பைக் கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

செப்டெம்பர் இரண்டாவது வியாழக்கிழமை, டாக்டரின் மருமகன் அலெக்சாந்த்ர் மதாமைப் பார்க்க வந்தார். நான் குசினி ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. கோசலை திறந்து வைத்த அலுமாரியிலிருந்து மதாம் அந்தப் பல்லிப் போத்தலை எடுப்பது தெரிந்தது.

"டாக்டர் தன் பிறந்தநாளில் மட்டும் இதைத் திறப்பார்," என்றார் மதாம். "உள்ளே இருநூறு வருஷத்து மூக்குத்தூள் இருக்கிறது. இன்னும் மணக்கிறது. அவர் போன பிறகு நான் ஒருநாளும் திறக்கவில்லை. இன்று அவருடைய பிறந்தநாள்."

என் கையில் துணி அப்படியே நின்றது.

மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அலெக்சாந்த்ர், "வினாகிரி மணக்கிறது" என்றார். போத்தலைச் சரித்திருக்க வேண்டும். ஒரு அரிசி மேசையில் விழுந்தது. அரிசி விழுகிற சத்தம் குசினிவரை கேட்காது என்பீர்கள். எனக்குக் கேட்டது.

"கோசலை" என்று மதாம் கூப்பிட்டார்.

கோசலை படுக்கையறையில் இருந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள். அரிசியைப் பார்த்தாள். ஒரு கணம் குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைத் துடைத்தேன். துடைத்து முடித்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தேன். சொல்ல வேண்டிய ஆள் நான். ஒரு அடி எடுத்து வைத்தால் கதவு. அந்த அடியை நான் வைக்கவில்லை.

"நான்தான் மதாம்," என்றாள் கோசலை.

"உள்ளே கழுவக் கூடாது என்று உனக்குச் சொன்னேன். எத்தனை தடவை சொன்னேன்."

"ஓம் மதாம். மன்னியுங்கோ."

மதாம் கத்தவில்லை. அழுதார். அழுதுகொண்டே கையை நீட்டினார். கோசலை சங்கிலியைக் கழற்றித் திறப்பைக் கொடுத்தாள். அடுத்த வியாழக்கிழமை அவள் வரவில்லை. தானாகவே நின்றுகொண்டாள். மதாம் என்னைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டார்.

"பதினொரு வருஷம் நீ எதையும் தொடவில்லை," என்று சொல்லித் திறப்பை என் கையில் வைத்தார்.

நான் வாங்கினேன். வாங்கியதைத்தான் சொல்கிறேன்.

ஒரு மாதம் அந்தத் திறப்பு என்னிடம் இருந்தது. வியாழன்தோறும் அலுமாரியைத் திறந்து தூசி தட்டினேன். மதாம் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மஞ்சள் போத்தல் ஒன்றை உயர்த்திப் பிடித்து, இதன் கதை என்ன என்று நானும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "மஞ்சள் அரசருடைய நிறம்" என்றார். அவ்வளவுதான். இன்னொரு கேள்வி கேட்க எனக்குத் தெரியவில்லை. திறப்பு வந்தது, பேச்சு வரவில்லை.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை லா சப்பல் மரக்கறிக் கடையில் கோசலையைக் கண்டேன். முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒளிந்து போயிருப்பேன், அவள் கண்டுவிட்டாள்.

"அக்கா! மதாம் சுகமோ? சாப்பிடுறாவோ?"

சென் தெனியில் பழைய அலுவலகத்திலேயே திரும்பவும் எடுத்துவிட்டார்கள் என்றாள். காலை ஐந்து மணி வேலை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் நீர் செய்தது எண்டு சொன்னனீர்?"

"திறப்பைத் தந்தது நான்தானே. மதாம் குடுக்க வேண்டாம் எண்டவ. பிழை என்னிலையும் இருக்கு." முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தாள். "அதோடை எனக்கு வேறை வேலை கிடைக்கும் அக்கா. இந்த வயதிலை, இந்த முழங்காலோடை, உங்களை ஆர் எடுப்பினம்?"

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் என்மேல் இரங்கியிருக்கிறாள். மதாமின் பிரியமும் அவளுக்கு, கதைகளும் அவளுக்கு, கடைசியில் பெருந்தன்மையும் அவளுக்கா? எனக்கென்று மிச்சம் விட்டது ஒரு நொண்டி முழங்கால். வீட்டுக்கு வரும்வரை எனக்குள்ளேயே அவளோடு சண்டை பிடித்தேன்.

அடுத்த வியாழக்கிழமை போனதும் சப்பாத்தைக்கூட மாற்றாமல் மதாமுக்கு முன்னால் திறப்பை வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நேர்மையால் சொன்னேன் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். பொறாமையால் சொன்னேன். அவள் மட்டும் நல்லவளாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மதாம் திறப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "உன்னை அனுப்ப மாட்டேன்," என்றார். "ஆனால் இந்த அறைக்குள் இனி வராதே. கோசலையைக் கூப்பிடு."

அவளுடைய போன் இலக்கம் மதாமிடம் இல்லை. என் போனிலிருந்து நானே எடுக்க வேண்டியிருந்தது.

"ஓம் அக்கா, சொல்லுங்கோ," என்றாள் கோசலை. பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"மதாமிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். கழுவினது நான் எண்டு."

இயந்திரம் நின்றது.

"ஏனக்கா சொன்னனீங்கள்? வேலை போயிட்டுதோ?"

அப்போதும் என் வேலையைப் பற்றித்தான் கேட்டாள். போனை மதாமின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கதவு சாத்தியும் மதாமின் குரல் கேட்டது. முதலில் அழுகை, பிறகு பேச்சு, பிறகு, என்னால் நம்ப முடியவில்லை, சிரிப்பு. முக்கால் மணி நேரம் பேசினார்கள். அதுவும் என் போனில். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.